பஞ்சாங்கம் பார்த்து நடுங்கள்: டெல்டா வீட்டுக் கொல்லையிலிருந்து வருமானம் ஈட்ட முழுமையான வழிகாட்டி

ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், பொங்கலுக்கு மஞ்சள் கொத்து விற்கலாம் என்று கொல்லையில் இரண்டு பாத்தி விதை மஞ்சள் நட்டேன். நல்ல காரியத்தை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்று சித்திரையிலேயே நட்டுவிட்டேன். செடி இடுப்பளவு வளர்ந்தது. வந்தவர்கள் எல்லாரும் கண் பட்டுவிடும் என்றார்கள். மார்கழி பிறந்ததும் இலை பழுக்கத் தொடங்கியது. போகிக்கு முதல் நாள் பார்த்தால் இரண்டு பாத்தியும் சருகாக நின்றன. மண்ணுக்கு அடியில் அருமையான கிழங்கு. ஆனால் பொங்கல் பானையின் கழுத்தில் கட்டக் கிழங்கு மட்டும் போதாது. பச்சை இலையோடு வேண்டும். ஒரு கொத்துகூட விற்கவில்லை.

மாமியார் வந்து பார்த்தார். "தை முதல் தேதிக்கு வேண்டியதைத் தையிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போய் நட வேண்டும் அம்மா. மஞ்சள் ஒன்பது மாதத்தில் முற்றிவிடும். பச்சையாக நிற்க வேண்டும் என்றால் ஆடியில் நட்டிருக்க வேண்டும்" என்றார்.

நான் கற்றுக்கொண்ட தோட்டக்கலையில் பாதி இந்த ஒரு பேச்சில் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில் பணம் பார்ப்பது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் என்ன நடலாம் என்பதில் தொடங்குகிறார்கள். நம் பக்கத்தில், என்றைக்கு யாருக்கு என்ன தேவைப்படும் என்பதில்தான் தொடங்க வேண்டும். தெருவுக்கு ஒரு கோயில், ஊருக்கு ஒரு கல்யாண மண்டபம், மாதம் தவறாத அமாவாசைச் சமையல், தாம்பூலம் இல்லாமல் நடக்காத விசேஷங்கள்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் குடியிருப்பவர்களுக்கு வாசலிலேயே சந்தை இருக்கிறது. ஐந்து சென்ட் கொல்லை இருந்தாலே மாதம் தவறாமல் கையில் காசு புரளும். குடும்பத்தையே தாங்கும் வருமானம் என்று சொல்லமாட்டேன். காய்கறிச் செலவு மிஞ்சும், பால் கணக்கும் மின்கட்டணமும் கொல்லையிலிருந்தே போகும். முகூர்த்த மாதங்களில் அதற்கு மேலும் வரும்.

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் உள்ள ஊர் எங்களுடையது. இந்த மண்ணிலும் இந்தச் சந்தையிலும் செய்து பார்த்ததை வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: ஐப்பசியில் தண்ணீர் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

டெல்டாவில் கொல்லைப் பயிரைக் கொல்வது வறட்சி அல்ல, தேங்கும் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றும்போது குடையோடு கொல்லைக்குப் போய், எங்கே தண்ணீர் நிற்கிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள். நான்கு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். கறிவேப்பிலை, முருங்கை, மல்லிகை, மஞ்சள் ஆகிய நான்கும் தண்ணீர் நிற்கும் இடத்தில் பிழைக்காது. நான் வாங்கி வந்த கறிவேப்பிலைக் கன்றுகள் பன்னிரண்டில் ஒன்பது ஒரே மழையில் வேர் அழுகிச் செத்தன. மீதி மூன்றும் தற்செயலாகக் கிணற்று மேட்டில் நட்டவை.

ஆற்றங்கரையை ஒட்டிய படுகை நிலம் என்றால் வண்டலும் மணலும் கலந்திருக்கும்; எதுவும் வரும். உள்ளே தள்ளிப் போகப் போகக் களிமண். அங்கே நாலடி அகலம், ஓரடி உயரத்தில் மேட்டுப்பாத்தி போட்டுக்கொள்ளுங்கள். பாத்திகளுக்கு நடுவில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் எடுத்து, அது கொல்லைக் கடைசியில் வடியும்படி சரிவு கொடுங்கள். எடுக்கும் மண்ணையே பாத்திமேல் போட்டு, மட்கிய சாணமும் வாழைச் சருகும் கலந்தால் இரண்டு பருவத்தில் களிமண் இளகிவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில், கோடையில் தென்னையைத் தவிர அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அங்கே ஆவணியிலிருந்து மாசி வரையே உங்கள் பருவம்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போகட்டும். நம் வீடுகளில் முற்றத்துத் தண்ணீரும் கிணற்றடித் தண்ணீரும் வாழைக்கும் சேம்புக்கும் போகும்படிதான் முன்பு அமைத்திருந்தார்கள். சோப்புத் தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள்.

கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் ஓடினால் அதன் கரை பெரும்பாலும் புறம்போக்கு. அதில் நட்டு வளர்த்த மரத்தைத் தூர்வாரும்போது பிடுங்கிப் போட்டால் கேட்க முடியாது. உங்கள் எல்லைக்குள்ளேயே நடுங்கள்.

இரண்டாம் படி: நடுவதற்கு முன் மூன்று முறை சந்தைக்குப் போங்கள்

ஒரு சாதாரண நாள், ஒரு முகூர்த்த நாளுக்கு முதல் நாள், ஓர் அமாவாசைக்கு முதல் நாள். மூன்று நாளும் விடியற்காலையில் பக்கத்து மார்க்கெட்டுக்குப் போய் நில்லுங்கள். எங்களுக்குத் தாராசுரம், தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பூக்காரத் தெரு இருக்கிறது. வாங்கப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். எது முதலில் தீர்கிறது, எதற்கு வாங்குபவர்கள் தேடி அலைகிறார்கள், எது மாலை வரை வாடிக் கிடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தக்காளியும் வெண்டையும் வண்டி வண்டியாக வந்து இறங்குவதைப் பார்த்தாலே, ஐந்து சென்ட்டில் தக்காளி போட்டு அவர்களோடு போட்டியிட முடியாது என்பது புரிந்துவிடும்.

பிறகு ஆட்களைப் பாருங்கள்: மாலை கட்டுபவர், இலைக்கடைக்காரர், கல்யாணச் சமையல்காரர், மெஸ் நடத்துபவர், கோயில் குருக்கள். எங்கள் ஊர்ச் சமையல்காரரிடம் முதன்முதலில் இலை தருகிறேன் என்று போனபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஆயிரம் இலை உங்களால் தர முடியாது அக்கா. அதை நான் மார்க்கெட்டில் எடுத்துக்கொள்வேன். ஆனால் சம்பந்தி பந்திக்கு முப்பது தலைவாழை இலை, ஒன்றில்கூடக் கிழிசல் இல்லாமல், அன்று காலை வெட்டியதாக வேண்டும். அதைத் தாருங்கள், விலை பேச மாட்டேன்."

கொல்லைக்காரருக்கு உரிய இடம் இதுதான். அளவில் வெல்ல முடியாது. அன்றைக்கு வெட்டியது, தேடி எடுத்தது, சொன்ன நேரத்துக்கு வந்தது என்பதில் வெல்லலாம். தேவை அதிகமாகும்போது தெருவில் நான்கைந்து வீடுகள் சேர்ந்துகொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஐந்து வீட்டு இலை ஒரே கட்டாகப் போகிறது.

மூன்றாம் படி: நாள் எண்ணுங்கள்

வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதத்துக்கும் பக்கம் ஒதுக்கி, முதலில் மாதா மாதம் வரும் நாட்களைக் குறியுங்கள்.

அமாவாசைக்கு வாழைக்காய், சேப்பங்கிழங்கு, புடலை, பாகல், அவரை, பரங்கி விற்கும். திதிச் சமையலில் கோஸ், கேரட், பீன்ஸ் சேர்ப்பதில்லை என்பதால் அன்று நாட்டுக் காய்க்கு மதிப்பு. அன்றே பசுவுக்குக் கொடுக்க அகத்திக்கீரைக் கட்டு. ஏகாதசி விரதம் இருப்பவர்கள் மறுநாள் துவாதசியில் அகத்தி, நெல்லிக்காய், சுண்டைக்காய் தேடுவார்கள்; அது மாதம் இரண்டு முறை. பிரதோஷமும் மாதம் இரண்டு, சிவன் கோயில்களுக்கு வில்வம். தேய்பிறைச் சதுர்த்திக்கு அருகம்புல். வெள்ளிக்கிழமைக்குப் பூவும் எலுமிச்சையும். சனிக்கிழமைக்குத் துளசி. வில்வத்தைத் திங்கட்கிழமையிலும் அமாவாசை, பௌர்ணமியிலும் பறிக்கக்கூடாது, துளசியைத் துவாதசியில் பறிக்கக்கூடாது என்பது வழக்கம். ஆகையால் முதல் நாளே பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். வாங்குபவர்கள் இதைக் கேட்டுத்தான் வாங்குவார்கள்.

அடுத்து ஆண்டு விசேஷங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லை, இலை விற்பனை படுத்துவிடும். ஆனால் ஆடியில் அம்மன் கோயில்களுக்கு வேப்பிலையும் எலுமிச்சையும், புரட்டாசியில் பெருமாளுக்குத் துளசியும் நவராத்திரிக்கு வெற்றிலையும் பூவும், மார்கழி முழுவதும் விடியற்காலைப் பூஜைக்குப் பூவும் வேண்டும். இலை இறங்கும்போது பூ ஏறும். பூ இறங்கும்போது இலை ஏறும். கொல்லையில் இரண்டும் இருந்தால் எந்த மாதமும் வெறுங்கையாக இருக்காது. ஆடி, மகாளய, தை அமாவாசைகள் மூன்றையும் சிவப்பு மையால் குறியுங்கள். விநாயகர் சதுர்த்திக்கு அருகம்புல், எருக்கம்பூ. சரஸ்வதி பூஜைக்குச் சிறு வாழைக்கன்று. பொங்கலுக்கு மஞ்சள், இஞ்சிக் கொத்து, சேனை, கருணை, அவரை.

இனிப் பின்னால் எண்ணுங்கள். பொங்கலுக்குச் சேனை வேண்டும். அது முற்ற எட்டு ஒன்பது மாதம் ஆகும். எனவே சித்திரை, வைகாசி. மஞ்சள் கொத்துக்குப் பச்சை இலை வேண்டும், ஆறு மாதச் செடி போதும், எனவே ஆடி. சிறுகீரை 25 நாள். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வேண்டுமென்றால் 25 நாள் முன்பு. பக்கத்துக்குப் பக்கம் இப்படி எழுதிவிட்டால் நோட்டே உங்களுக்கு வேலை சொல்லும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பொதுவான வழி. தேடுவதற்கு முன்னால் விற்கும் நாளையும் தேடிக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: வாழை

டெல்டா கொல்லையில் ஒரே ஒரு பயிர்தான் வைக்க முடியும் என்றால் நான் வாழையைத்தான் வைப்பேன். இலை, பூ, காய், பழம், தண்டு, நார், கன்று, கடைசியில் முழு மரம் வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் வருவார்.

இலைக்குப் பூவன் நல்லது. அமாவாசைக் காய்க்கு மொந்தன். கற்பூரவல்லி பழத்துக்கு நன்றாகப் போகும், ஆனால் குலை முற்ற ஓராண்டுக்கு மேல் ஆகும். ரஸ்தாளி வாடல் நோய்க்கு எளிதில் மாட்டும். கொல்லையில் ஒன்றிரண்டு போதும்.

கன்று எடுப்பதில்தான் பாதி வெற்றி. தாய் மரத்தின் பக்கத்தில் இரண்டு வகைக் கன்று முளைக்கும். ஒன்று, அடி பருத்து, இலை வாள் போலக் குறுகி நிமிர்ந்து நிற்கும். அது ஈட்டிக் கன்று. இன்னொன்று சின்ன வயதிலேயே அகன்ற இலை விட்டு அழகாக இருக்கும், அது நீர்க்கன்று. அழகைப் பார்த்து நீர்க்கன்றை எடுத்தால் மரம் தேறாது. ஈட்டிக் கன்றில் ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ளதைத் தோண்டி எடுத்து, பழைய வேரையும் அழுகிய பகுதியையும் சீவிவிட்டு, சாணக் கரைசலில் முக்கி நடுங்கள். உச்சியில் இலைகள் குறுகி நெருங்கிக் கொத்தாக நிற்கும் மரம் முடிக்கொத்து நோய் கண்டது. அதன் பக்கத்தில் கன்று எடுக்காதீர்கள். அந்த மரத்தையே கிழங்கோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள்.

ஆறடிக்கு ஒன்று வைத்தால் ஒரு சென்ட்டில் 12 மரம் நிற்கும். இலைக்கென்றே வைப்பதை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைக்கலாம். இலை மரத்தையும் குலை மரத்தையும் பிரித்துவிடுங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. இலையும் வேண்டும், குலையும் வேண்டும் என்று ஒரே மரத்தில் வெட்டிக்கொண்டிருந்தால் குலை சூம்பிவிடும். பூ தள்ளும்போது மரத்தில் எட்டு இலையாவது இருக்க வேண்டும். குலை மரத்தில் காய்ந்த இலையைத் தவிர வேறு எதிலும் கத்தி வைக்காதீர்கள்.

இலை மரம் நட்ட நான்கைந்து மாதத்தில் வெட்டுக்கு வரும். வளர்கிற பருவத்தில் மாதம் மூன்று, நான்கு இலை விடும். குருத்துக்கு அடுத்து முழுதாக விரிந்து, இளம்பச்சை மாறி வருகிற இலையைத்தான் எடுக்க வேண்டும். நேற்று விரிந்தது மடித்தால் ஒடியும். பத்து நாள் ஆனது காற்றில் கிழிந்திருக்கும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு ஒரே வெட்டு. விழவிடக் கூடாது. இலையைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்து திண்ணையில் ஈரச் சாக்கின்மேல் வைத்து, நுனியைத் தனியாகவும் நடுப்பகுதியை ஏடாகவும் அறுத்துப் பிரிக்க வேண்டும். நுனி இலை சாப்பாட்டுக்கு, ஏடு டிபனுக்கு. நரம்பின் தடித்த முதுகை லேசாகச் சீவினால் மடிக்கும்போது வெடிக்காது. வாழைக்கறை பட்டால் துணியிலிருந்து போகவே போகாது; அதற்கென்று ஒரு பழைய புடவை வைத்திருக்கிறேன்.

ஆடிக் காற்றில் இலை எல்லாம் சீப்பு மாதிரி கிழியும். மேற்குப் பக்கம் வேலியோரம் நெருக்கமாக அகத்தி போட்டுவிட்டால் காற்றைத் தடுக்கும். அகத்தியும் தனியாகப் பணம் தரும்.

முழு மரம் விற்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கல்யாண வாசலில் குலையோடும் பூவோடும் ஒரு ஜோடி வாழை கட்டுகிறார்கள் அல்லவா? அந்த ஜோடிக்குக் கிடைப்பது, அதே இரண்டு குலையைத் தனியாக விற்றால் கிடைப்பதைவிட அதிகம். இரண்டு மரமும் ஒரே உயரம், ஒரே அளவுக் குலை என்று இருக்க வேண்டும். அதற்காகவே ஒரே நாளில், ஒரே எடைக் கன்றுகளை ஜோடி ஜோடியாக நடுங்கள். தை முகூர்த்தத்துக்கு வேண்டுமானால் மாசி, பங்குனியில் நட வேண்டும். பத்துப் பதினோரு மாதத்தில் குலை வடிவாக இறங்கியிருக்கும். நடுவில் ஐப்பசி, கார்த்திகைப் புயலைத் தாண்ட வேண்டும் என்பதால் மூங்கில் முட்டு கட்டாயம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னையே வேரோடு சாய்ந்தது. முட்டுக் கொடுத்த வாழைக்கும் அன்று வழியில்லை. ஆனால் எல்லா ஆண்டும் கஜா வருவதில்லை. சாதாரண மழைக்காற்றுக்கு முட்டு தாங்கும். மொத்தமாக ஒரே மாதத்தில் நடாமல் இரண்டு மாதத்துக்கு ஒரு ஜோடி என்று நட்டால் இழப்பும் சிதறிப்போகும், முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மரமும் இருக்கும். மரம் போன இடத்தில் ஒரு பக்கக் கன்றை மட்டும் விட்டு வைத்தால் அதுவே மறுதாம்பு, அதாவது புதிதாக நடாமல் வரும் அடுத்த மரம்.

ஐந்தாம் படி: அகத்தியும் அதன்மேல் ஏறும் வெற்றிலையும்

அகத்தியை விதை போட்டாலே வரும். சீக்கிரம் வளரும். தலைக்கு மேல் போகவிடாமல் முனையை ஒடித்துக்கொண்டே வந்தால் பக்கக்கிளை விட்டுக் கைக்கெட்டும் உயரத்தில் கீரை இருக்கும். அமாவாசைக்கு முதல் நாள் மாலை வெட்டி, கைப்பிடிக் கட்டுகளாக வாழைநாரில் கட்டி, மறுநாள் காலை கோயில் வாசலில் விற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்களே உட்கார்ந்தும் விற்கலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அகத்திப்பூவும் சமையலுக்குப் போகும்.

ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டைப் பக்கத்துக் கொடிக்கால் என்னும் வெற்றிலைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெற்றிலைக் கொடி ஏறுவது இந்த அகத்திமேல்தான். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நான்கைந்து கொடி வைத்து நீங்கள் கொடிக்கால்காரர் ஆகிவிட முடியாது. தினமும் ஈரம், பாதி நிழல், தேங்காத தண்ணீர் என்று வெற்றிலை நிறையக் கேட்கும். ஆனால் நவராத்திரிக்குத் தெருவில் தாம்பூலம் வைப்பவர்களுக்கு அன்று பறித்த கொழுந்து வெற்றிலையை வீட்டிலிருந்தே தரலாம். சனிக்கிழமை துளசி வாங்க வருபவரே வெற்றிலையும் வாங்கிப் போவார்.

ஆறாம் படி: கீரை

முதல் மாதமே காசு பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் கீரைதான். சிறுகீரை, முளைக்கீரை 25 நாளுக்குள் பிடுங்கலாம். அரைக்கீரையை ஒருமுறை விதைத்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கிள்ளலாம். விதை மிகச் சிறியது. ஒரு சென்ட்டுக்கு 10 கிராம் போதும். இரண்டு படி மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். மேலே மெல்லிய மண், பூவாளியால் தண்ணீர். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் போடுங்கள்.

நான்கு சிறு பாத்தி பிரித்து, வாரம் ஒன்று விதையுங்கள். நான்காவது பாத்தி விதைக்கும்போது முதல் பாத்தி கைக்கு வரும். மொத்தமாக விதைத்தால் ஒரே நாளில் ஐம்பது கட்டு கையில் இருக்கும், வாங்க ஆள் இருக்காது.

கடும் மழையில் சிறுகீரையும் முளைக்கீரையும் அழுகும். அந்த இரண்டு மாதம் ஈரத்தை விரும்பும் பொன்னாங்கண்ணி, வல்லாரைக்கு மாறிவிடுங்கள். மழைக்காலத்தில் சந்தையில் கீரையே இருக்காது. அப்போது இருப்பவருக்குத்தான் விலை.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறு தவிர எதுவும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து இரவு முழுதும் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை விற்கக்கூடாது.

ஏழாம் படி: பூவும் அர்ச்சனை இலைகளும்

எல்லாரும் மல்லிகையில் தொடங்க ஆசைப்படுகிறார்கள். நாலடி இடைவெளியில் ஒரு சென்ட்டுக்கு 25 குண்டுமல்லிச் செடி வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் களிமண் தாங்காது, மொட்டுப்புழு வரும், விலை இன்று மலை, நாளை மடு. மேட்டு இடமும் விடியலுக்கு முன் மொட்டுப் பறிக்க ஆளும் இருந்தால் வையுங்கள். கார்த்திகை முடியும்போது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் பங்குனியிலிருந்து பூக்கும். பறித்த பூவை எடைக்கு விற்பதைவிட, வாழைநாரில் தொடுத்து முழம் கணக்கில் விற்றால் தொடுக்கும் கூலியும் வீட்டிலேயே நிற்கும்.

என் யோசனை வேறு: நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி, துளசி, மருக்கொழுந்து. தினமும் பூக்கும் அல்லது தழைக்கும், கவனிப்புக் குறைவு, பக்கத்துக் கோயிலுக்கும் வீடுகளுக்கும் தினமும் ஒரு பை என்று மாதக் கணக்குப் பேசிக்கொள்ளலாம். மாதம் பிறந்ததும் கையில் வரும் பணத்துக்கு நிகர் இல்லை. அரளி எல்லாப் பாகமும் விஷம். ஆடு, மாடு, குழந்தைகள் எட்டாத ஓரத்தில் வையுங்கள். வில்வம் இன்று வைத்தால் சில ஆண்டு கழித்தே இலை தரும். அதனால்தான் இன்றே வைக்கச் சொல்கிறேன்.

எட்டாம் படி: வெயிலை விற்பது

பங்குனி முதல் வைகாசி வரை தண்ணீர் குறைவு, கொல்லை சோர்ந்துவிடும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும் நம் வாய்க்காலுக்கு வந்து சேர நாளாகும். அந்த மாதங்களில் வற்றல் போடுங்கள்: சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர்மிளகாய், உப்பு நார்த்தங்காய்.

சுண்டைக்காயை முற்றுவதற்கு முன் பறித்து, அம்மியில் லேசாகத் தட்டி வாய் பிளக்கச் செய்து, கழுவி விதையில் கொஞ்சம் போக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் இரவு ஊறவிட வேண்டும். காலையில் எடுத்து மாடியில் காயவிட்டு, மாலையில் மறுபடி அதே மோரில். மோர் முழுதும் இழுத்துக்கொள்ளும்வரை மூன்று நான்கு நாள் இப்படி. பிறகு கையில் எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்வரை வெயிலில் காயவிட வேண்டும். சத்தம் வராமல் டப்பாவில் போட்டால் பூஞ்சணம் பூக்கும். கடைக்குக் கொடுப்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளர் பதிவு எடுத்து, பொட்டலத்தில் பெயர், சேர்மானம், எடை, தயாரித்த தேதி, பதிவு எண் போட வேண்டும். கூச்சமாக இருந்தாலும் ஊறுகாய், வற்றல் பயிற்சிக்கு ஒருமுறை நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் விசாரியுங்கள்.

மற்றவை

தென்னை இருந்தால் தேங்காயோடு கீற்றும் ஈர்க்கும் காசு. மரத்தடி நிழலில் மஞ்சள், சேனை, கருணை. புதிதாக வைப்பதானால் 25 அடி இடைவெளி வேண்டும் என்பதால் சின்னக் கொல்லைக்கு ஒன்று போதும். முருங்கையில் காய் கோடையில் மலிந்துவிடும், மழையில் காய்க்காது, கீரைக்காக வையுங்கள். செடிமுருங்கையில் பி.கே.எம்.1 என்ற ரகம் விதையிலிருந்து ஆறு மாதத்தில் காய்க்கும். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்புழு அடையாக அப்பும், பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழி நல்ல வருமானம்தான், ஆனால் கீரைப் பாத்தியை ஒரு காலையில் கிளறி முடித்துவிடும். வேலி இல்லாமல் வேண்டாம். வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசியும் தவறக்கூடாது.

ஒன்பதாம் படி: கணக்கு

நோட்டின் பின்பக்கத்தில் நான்கு கட்டம்: தேதி, விற்றது, வந்தது, செலவு. வீட்டில் சமைத்ததையும் அன்றைய கடை விலைக்கு வரவில் எழுதுங்கள். முதல் ஆறு மாதம் வரவில் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும். அதை எழுதாதவர்கள் கொல்லையால் ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கடனுக்குக் கொடுத்ததைத் தனிப் பக்கத்தில் எழுதி மாதம் பிறந்ததும் கேளுங்கள். எனக்கு ஒரு மெஸ்ஸில் நான்கு மாத இலைப் பணம் நின்றுபோனது, கேட்கக் கூச்சப்பட்டதால்தான்.

உழவர் சந்தையில் விற்க அடையாள அட்டை வேண்டும். நிலத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கொல்லை அளவுக்குத் திண்ணையும் தெரு வாட்ஸ்அப் குழுவுமே போதும். காலை ஆறு மணிக்கு இன்று என்ன இருக்கிறது என்று ஒரு படம் போட்டால் ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும்.

பத்தாம் படி: மஞ்சள் கொத்து

ஆடி பிறந்ததும் ஓரடி உயரப் பாத்தியில் முக்கால் அடிக்கு ஒரு விதை மஞ்சள், இரண்டு அங்குல ஆழத்தில். மேலே வைக்கோல் மூடாக்கு. புரட்டாசிக்குள் இரண்டு முறை களை எடுத்து, மட்கிய சாணம் வைத்து மண் அணையுங்கள். மழையில் வாய்க்கால் அடைபடாமல் தினமும் ஒருமுறை மண்வெட்டியோடு போய்ப் பாருங்கள். ஒரு நாள் தண்ணீர் நின்றாலும் கிழங்கு அழுகும்.

மார்கழிக் கடைசியில், போகிக்கு இரண்டு நாள் முன்பு தண்ணீர் பாய்ச்சி மண்ணை இளக்கி, மறுநாள் காலையில் கடப்பாரையால் ஓரமாக நெம்பித் தூருடன் எடுங்கள். இலையைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். வேரில் ஒட்டிய மண்ணை உதறி, கிழங்கை மட்டும் கழுவி, இரண்டு தூரைச் சேர்த்துக் கட்டினால் ஒரு கொத்து. ஈரச்சாக்கு போர்த்தி நிழலில் நிறுத்தி வைத்தால் இரண்டு நாள் வாடாது. வாசலில் வைத்தாலே போகிக்குள் போய்விடும்.

ஒரு வரிசையை மட்டும் எவ்வளவு கேட்டாலும் விற்காதீர்கள். அது நின்று முற்றி, சித்திரையில் இலை காய்ந்ததும் தோண்டி, காயம் படாத கிழங்காகப் பார்த்துப் பொறுக்கி, நிழலான மூலையில் மணலுக்குள் புதைத்து வையுங்கள். மேலே மஞ்சள் இலைச் சருகையே மூடுங்கள். ஆனி கடைசியில் கிளறிப் பார்த்தால் முளைக்கண் வெள்ளையாகத் தெரியும். அடுத்த ஆடிக்கு விதை வாங்க வேண்டியதில்லை.